நாற்பத்தெட்டு

வெறுங்காலோடு சுவரில் முதுகை ஒட்டி நின்று
தொழிற்சாலையின் தடித்த பாதுகாப்புக் கையேட்டைத்
தொடைகளுக்கு நடுவே மேலே தள்ளி
முட்டிய இடத்தில் பென்சிலால் கோடு கிழித்தேன்.
எழுபத்தொன்றரை.
இன்னொரு தரம்: எழுபத்தொன்று புள்ளி எட்டு.
மூச்சை அடக்கி மூன்றாம் தரம்.
பாயான் லெப்பாஸில் இரவு முழுக்க
ஒரு மைக்ரான் பிசகினால் சில்லை ஒதுக்குகிறவள்
சொந்தக் காலுக்குச்
சராசரி எடுத்துக்கொண்டேன்.

ஜெலுத்தோங் கடையில்
ஐம்பத்தொன்று தொங்கிக்கொண்டிருந்தது.
மழை விட்ட மறுநாள் கடலின் பச்சை.
எஃகுக் குழாய், மூட்டுகளில் வெள்ளிக் கோடு.
முன்பணம் கட்டியவர் வராமல் போனதால் பாதி விலை.
சீட்டை இறக்கலாம், ஸ்டெம்மைக் குட்டையாக்கலாம்
என்று மலாயில் அடுக்கிக்கொண்டே போய்
"போலே, போலே" என்றான் சூன் ஹுவாட்.

மூன்று சனிக்கிழமை ஏறி இறங்கினேன்.
ஓடும்போது குறையில்லை.
நிற்கும்போதுதான்
மேல்குழாய் எலும்பைத் தொட்டது.
இரண்டு பக்கமும் பாரத்தோடு
தெலுக் பஹாங் ஏற்றத்தில் பாதியில் நின்றால்
ஒரு கால்விரல் நுனியா என்னைத் தாங்கும்?

எனக்கு எல்லாமே பெரிதாகத்தான் எடுத்தார்கள்.
பள்ளிச் சீருடை, வளருவாள் என்று.
கல்யாண ரவிக்கை, பெருப்பாள் என்று;
உள்ளே இரண்டு விரல் துணி மடித்துத் தைத்து.
வளரவுமில்லை, பெருக்கவுமில்லை.
ரவிக்கை இருக்கிறது.
அந்த வீட்டில் இப்போது நான் இல்லை.
சில்லுக் கூடத்து வெள்ளை உடுப்பில் ஆகச் சிறியதற்கும்
கைப்பக்கம் இரண்டு மடிப்பு.
துணியென்றால் பிடித்துக்கொள்ளலாம்.
எஃகைப் பிடித்துத் தைக்க எந்தத் தையல்காரன்?

"நாற்பத்தெட்டு" என்றேன்.
"அது சேற்று நிறத்தில் மட்டும்தான் வரும்.
நாலு மாசம் ஆகும். தள்ளுபடி கிடையாது."
"போலே" என்றேன்.

நாலு ஆறானது.
ஓவர்டைம் கிடைத்த மாதம் சக்கரங்கள்:
இருபத்தாறு அங்குலம், ஸ்போக் முப்பத்தாறு,
எந்தச் சின்ன ஊரிலும் அந்த டயர் அகப்படும் என்பதால்.
என் காலுக்குக் குட்டைக் கிராங்க்;
அதற்கு ஒரு வாரம் சண்டை.
போனஸ் வராத மாதம் மணி மட்டும்.
முன்னால் மூன்று பல்சக்கரம். ஆகச் சிறியதைச் சுற்றிக் காட்டி
"இதில் போனால் நடக்கிறவனே முந்திவிடுவான்"
என்று சிரித்தான்.
முந்தட்டும்.
அவன் முதுகில் கூடாரம் இல்லை.

அந்தப் பச்சையை ஒருநாள்
காப்பிக்கடை வாசலில் பார்த்தேன்.
யாரோ நெட்டைக்காரர்,
காலை வீசி அலட்சியமாக ஏறினார்.
அவருக்கென்றே அடித்ததுபோல் இருந்தது.
வயிறு எரிந்தது, கொஞ்சம்தான்.

முதல் ஓட்டத்துக்குப் பைகளில் போட ஒன்றுமில்லை.
ஐந்து கிலோ அரிசி இந்தப் பக்கம்,
ஐந்து கிலோ அந்தப் பக்கம்.
அணையைத் தாண்டி மூன்றாவது வளைவில்
நெஞ்சு அடைத்து நின்றுவிட்டேன்.
டுரியான் லோரி ஒன்று
ஹாரன் அடித்து, வாசனையை விட்டுவிட்டுப் போனது.
பாதம் இரண்டும் குதிகால்வரை தாரில்.
குழாய்க்கும் எனக்கும் நடுவே
இரண்டு விரல் காற்று.

பின் குழாயில்
மூன்று உபரி ஸ்போக் டேப் சுற்றி இருக்கிறது.
இன்னும் எதுவும் உடையவில்லை.
அரிசியில் ஒரு பை மிச்சம்.

இன்று ஃபெரியில்,
பக்கத்தில் மோட்டார்சைக்கிளைப் பிடித்து நின்றவர்
பைகளைப் பார்த்தார், கூடாரத்தைப் பார்த்தார்,
என் உயரத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு
"தனியாவா? எதுவரைக்கும்?" என்றார்.
சீட்டுத் தண்டில் உயரத்துக்கு ஒட்டிய சிவப்பு டேப்பை
நகத்தால் அழுத்திக்கொண்டே
அக்கரைக்கு என்றேன்.
அதுவரைக்கும் பொய்யில்லை.